எந்தப் பக்கத்திலும் வராத மனு எண் 687

அனுப்புநர்:
உ. கிருஷ்ணப்பிரியா, வயது 26,
த/பெ. உலகநாதன்,
இரண்டாம் தளம், பிள்ளையார் கோயில் பின்தெரு,
பாரிவாக்கம், பூந்தமல்லி வழி.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
கால்வாய்க்கரைக் குடும்பங்கள் மறுகுடியமர்வுப் பிரிவு,
பூந்தமல்லி.

பொருள்: குடியிருப்பு ஒதுக்கீடு – 22.02.2025 சிறப்பு முகாம் மனுக்கள் – கணினித் திரையில் பக்கம் பிரித்துக் காட்டுவதில் நேர்ந்த பிழை – அழைப்புக் கடிதமே கிடைக்காதவர்கள் 'வராதவர்' எனக் குறிக்கப்பட்டது – 31.07.2025 அன்று பட்டியல் முடிக்கப்படுவதை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. திருமதி கெங்கம்மாள் அவர்களின் மனு எண் 687, நாள் 22.02.2025.
2. இணையவழிப் புகார், நாள் 27.06.2025.
3. "பதிவு கணினியில் உள்ளது, புகார் முடித்துவைக்கப்படுகிறது" எனும் பதில், நாள் 30.06.2025.

மதிப்பிற்குரிய தனி அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

1. பாதிக்கப்பட்டவராக நான் இந்த மனுவை எழுதவில்லை. பிழையைச் செய்தவள் நான். வேறு யாரும் தங்களுக்கு எழுதப்போவதில்லை என்பது உறுதியான பிறகு எழுதுகிறேன்.

2. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்றாண்டுகளாக வேலை செய்கிறேன். தங்கள் பிரிவு ஊழியர்கள் மனுக்களைப் பார்க்கும் திரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. மனு எண், பெயர், கொட்டகை எண், தேதி. கீழே பக்க எண்கள். அந்த அட்டவணையைச் சர்வரோடு இணைத்தது நான். 30.04.2025 அன்று வேலை ஒப்படைக்கப்பட்டது. அன்று மாலையே என் லாகின் மூடப்பட்டது.

3. அது எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லா மனுக்களையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஊழியரின் கணினி திணறும். ஆகவே திரை ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும். ஐந்தாம் பக்கம் என்றால், முதல் இருநூறு வரிகளை விட்டு அடுத்த ஐம்பது. முந்தைய பக்கம் சர்வருக்கு நினைவிருக்காது. ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் புதிதாக அடுக்கி, எண்ணி, ஐம்பதை வெட்டிக் கொடுக்கும்.

4. எதைக் கொண்டு அடுக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். தேதியைக் கொண்டு. அதோடு நிறுத்திவிட்டேன். ஒரே தேதியில் பலர் இருந்தால் யார் முன்னால் என்று எழுதவில்லை. எழுதாத இடத்தில் சர்வர் தனக்குத் தோதான வரிசையை எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த வரிசை வேறாக இருக்கலாம். ஐந்தாம் பக்கத்தில் இருந்தவர் ஆறாம் பக்கத்தில் மறுபடி வருவார். ஆறில் வர வேண்டியவர் அதற்குள் ஐந்துக்கு நகர்ந்திருப்பார். ஊழியர் ஐந்தை ஏற்கெனவே கடந்திருப்பார். தேதிக்குப் பிறகு 'மனு எண்' என்று இன்னும் ஒன்றைச் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது. சேர்க்கவில்லை.

5. முகாமில் 1,140 மனுக்கள் பெறப்பட்டன. அவற்றைத் தட்டச்சு செய்ய மூன்று வாரங்கள் ஆயின. ஆனால் எல்லாவற்றுக்கும் முகாம் தேதியையே போட்டார்கள். தட்டச்சர் யார் தாளை முதலில் எடுத்தார் என்பதால் ஒருவருக்கு முன்னுரிமை வந்துவிடக் கூடாது என்பது தங்கள் பிரிவின் வழக்கம். நியாயமான வழக்கம். என் பிழை அந்த நியாயத்தின் மேல் போய் விழுந்தது. 1,140 பேர், ஒரே தேதி.

6. ஒப்படைக்கும் முன் சோதித்துப் பார்த்தேனா என்று கேட்கப்படலாம். பார்த்தேன். இருநூறு போலி மனுக்களை நானே உருவாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. என் மனத்தில் இருந்த மனுதாரர் தனியாக, ஒரு நாளில், ஒரு தாளோடு வருபவர். கூட்டமாக வேனில் ஏற்றி வந்து இறக்கப்படுபவர் அல்ல. வெயிலில் ஒரே வரிசையில் நிற்பவர் அல்ல. எல்லாப் பக்கங்களும் சரியாக இருந்தன.

7. 12.05.2025 முதல் 16.05.2025 வரை நேர்காணலுக்கான அழைப்புக் கடிதங்கள் அச்சிடப்பட்டன. ஊழியர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, பக்கத்துக்கு ஐம்பது கடிதம் எடுத்தார்கள். இருபத்துமூன்று பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் நாற்பது. மொத்தக் கடிதங்கள் 1,140. மொத்த மனுக்கள் 1,140. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. எனக்கும் எழுந்திருக்காது. சிலருக்கு இரண்டு கடிதங்கள் போயின. அத்தனை எண்ணிக்கையில் வேறு சிலருக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

8. எங்கள் நிறுவனத்தின் தளத்தைச் சுத்தம் செய்பவர் திருமதி கெங்கம்மாள், வயது 47. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு திருமழிசையில் தற்காலிகத் தகரக் கொட்டகை எண் 41-இல் வசிக்கிறார். காலை இரண்டு பேருந்து மாறி ஏழு மணிக்குள் வந்துவிடுவார். 26.06.2025 அன்று மதிய உணவு வேளையில் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்:

"பாப்பா, நீ கம்ப்யூட்டர்லதான கீற. என் பேரு அதுல இன்னா ஆச்சுன்னு பாரு. பக்கத்து ஷெட்டு பத்மாவுக்கு ரெண்டு லெட்டர் வந்துச்சு. எனுக்கு ஒண்ணுகூட வரல. கேட்டா, எனுக்கு ரெண்டு ஊடு தரப்போறாங்க, நீ வேணா வாடகைக்கு வான்றா. கொழுப்ப பாரு அவளுக்கு."

நானும் சிரித்தேன். மனு நிலை அறியும் பொதுப் பக்கத்தில் அவருடைய மனு எண்ணை இட்டுத் தேடினேன். 'நேர்காணலுக்கு வராதவர்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் இருந்த சின்னத்தை அடையாளம் கண்டேன். நான் வேலை செய்த இணையதளம். ஒருவருக்கு இரண்டு கடிதம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. என் இருக்கைக்குத் திரும்பிச் செல்லும் முன்பே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னது, "விசாரிக்கிறேன்க்கா" என்பது மட்டும்.

9. மறுநாள் அவர் பெயரில் இணையவழிப் புகார் அளித்தேன். பதில் பார்வை மூன்றில் உள்ளது. அந்தப் பதில் பொய்யல்ல. எண்ணைச் சொல்லித் தேடினால் அவர் இருக்கிறார். பக்கங்களைப் புரட்டினால் இல்லை. கடிதங்கள் புரட்டித்தான் அச்சிடப்பட்டன.

10. 02.07.2025 அன்று திருமதி கெங்கம்மாளோடு தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். உதவியாளர் திரு. பரந்தாமன் பொறுமையாகவே நடந்துகொண்டார். எண்ணைத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இதோ பாருங்கம்மா, இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. நானா ஒளிச்சு வெச்சிருக்கேன்?" என்றார். சிலருக்கு இரண்டு கடிதம் வந்ததைச் சொன்னேன். "ரெண்டு வந்தவங்க யாரும் சண்டைக்கு வரலியே" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திரையில் பிழை என்றால் அதைச் செய்த நிறுவனம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகே கோப்பைத் திறக்க முடியும் என்றார். அது அவருடைய விதி. அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

11. என் குழுத் தலைவர் திரு. நிர்மல் அவர்களிடம் அனைத்தையும் சொன்னேன். பிழை இன்னதென்று அவருக்கு உடனே புரிந்தது. எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அது முடிஞ்ச ப்ராஜெக்ட், பிரியா. அவங்க லெட்டர் குடுத்தா பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம். நாமளா போய் தப்பு எங்களுதுன்னு சொன்னா, அடுத்த டெண்டருக்கு வாசல்லயே நிறுத்திடுவாங்க. உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். பணியில் சேரும்போது நான் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளையும் நினைவுபடுத்தினார். வேலை தொடர்பான எதையும் வெளியே சொல்லக் கூடாது.

12. ஆக, நிறுவனம் எழுதினால் அலுவலகம் திறக்கும். அலுவலகம் எழுதினால் நிறுவனம் திறக்கும். 02.07.2025 முதல் இரண்டு கதவுகளுக்கும் நடுவே நான்கு முறை போய் வந்தேன். திருத்த வேண்டியது ஒரு வரி. அது எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினால் தெரிகிறது. தொட முடியாது.

13. 09.07.2025 அன்று மீண்டும் வந்தபோது பேருந்தில் திருமதி கெங்கம்மாள் பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம், "எனுக்காக லீவு போட்டுக்கினு வருது இந்தப் பொண்ணு. யாரு செய்வா இந்தக் காலத்துல?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரையான்சாவடி நிறுத்தம் வரை திரும்பவில்லை.

14. அன்று தங்கள் அறிவிப்புப் பலகையில் 'வராதவர்' பட்டியலைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு பெயர்கள். அவர்களில் உண்மையிலேயே வராதவர்கள் இருக்கலாம். ஊர் மாறிப் போனவர்கள் இருக்கலாம். கடிதமே கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பட்டியல் 31.07.2025 அன்று முடிக்கப்படும் என்றும், ஒதுக்கீடு பெறாதவர்கள் 10.08.2025-க்குள் கொட்டகைகளைக் காலி செய்ய வேண்டும் என்றும் கீழே எழுதியிருந்தது. திருமதி கெங்கம்மாள் படிக்கத் தெரிந்தவர். அவரும் அதைப் படித்தார். பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். மகளுக்கு அடுத்த மார்ச்சில் பொதுத்தேர்வு என்று மட்டும் சொன்னார்.

15. பதினெட்டு நாட்களாக எண்ணிப் பார்த்ததில் ஒரு வழி தெரிகிறது. கணினியைத் தொடத் தேவையில்லை. என் நிறுவனத்தின் கடிதம் தேவையில்லை. அழைப்புக் கடிதங்கள் தபாலுக்குப் போகும் முன் தங்கள் அனுப்புகைப் பதிவேட்டில் ஒவ்வொன்றும் மனு எண்ணோடு கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வெள்ளைத்தாளில் 1 முதல் 1,140 வரை எழுதி, பதிவேட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் போதும். சில எண்கள் இருமுறை வரும். அடிபடாமல் மிஞ்சுகிற எண்கள், கடிதமே போகாதவர்கள். இருவர் அமர்ந்தால் ஒரு நாள் வேலை. அதில் 687 மிஞ்சும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

16. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) அனுப்புகைப் பதிவேட்டை மேற்கண்டவாறு சரிபார்க்க உத்தரவிட வேண்டும். சரிபார்ப்பு முடியும் வரை பட்டியலை முடிக்காமல் நிறுத்திவைக்க வேண்டும்.

(ஆ) கடிதம் போகாத ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே உள்ள 'வராதவர்' எனும் குறிப்பை நீக்கி, நேர்காணலுக்கு அழைக்க வேண்டும். அதுவரை அவர்களைக் கொட்டகையிலிருந்து வெளியேற்றக் கூடாது.

(இ) இந்த மனுவையே பிழைக்கான எழுத்துமூல ஒப்புதலாக ஏற்க வேண்டும். நிறுவனத்தின் சார்பில் இதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. என் கை செய்ததை எழுத எனக்கு அதிகாரம் உண்டு என்று நினைக்கிறேன்.

17. இதன் நகலை என் நிறுவனத்துக்கும் அனுப்புகிறேன். உறுதிமொழியை மீறியதற்கான விளைவு எதுவோ அது வரும். அதிலிருந்து என்னைக் காப்பாற்றும்படி தங்களிடம் கேட்கவில்லை. எப்போது அழைத்தாலும் நேரில் வந்து வாக்குமூலம் தருவேன்.

18. கடைசியாக ஒன்று. இதை எழுதி முடிக்கும் இந்த நிமிடம் வரை, அட்டவணையைச் செய்தது நான்தான் என்பது திருமதி கெங்கம்மாள் அவர்களுக்குத் தெரியாது. இது அவருடைய மனுவும் ஆகையால், அவருக்குத் தெரியாமல் இதைத் தங்களிடம் கொடுப்பது முறையல்ல. படித்துக் காட்டிய பிறகே கொடுப்பேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
உ. கிருஷ்ணப்பிரியா

இடம்: அம்பத்தூர்
நாள்: 14.07.2025

இணைப்பு: முகாம் ஒப்புகைச் சீட்டின் நகல் (மனு எண் 687), இணையவழிப் புகாரும் பதிலும்.

படித்துக் காட்டப்பட்டமைக்கான குறிப்பு:

மேற்கண்ட பதினெட்டுப் பத்திகளும் 14.07.2025 அன்று மாலை ஐந்தே கால் மணிக்கு, நிறுவனத்தின் கீழ்த்தளப் படிக்கட்டில், திருமதி கெங்கம்மாள் அவர்களுக்கு என்னால் படித்துக் காட்டப்பட்டன. நான்காம் பத்தியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு அவர் கூறியது:

"இப்ப உன்னாண்ட பேச மாட்டேன். ஊடு வரட்டும். அப்பறம் பேசறேன், நல்லா பேசறேன். எங்க போடணும் கையெழுத்து, காட்டு."

(கையொப்பம்)
கெங்கம்மாள்
கொட்டகை எண் 41, திருமழிசை