மடியிலேயே இருந்த பெர்மிட்டு

மூவார், மலாயா
1934 ஆவணி 3

சௌபாக்கியவதி மகள் சந்திரமதிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாரியாத்தாள் துணை. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்று அம்மா விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கொட்டகை விஷயம் தோற்றுப்போச்சு தாயி. மாட்டுக் கொட்டகையையும் அதை ஒட்டிய நம் வீட்டையும் பிரிக்கச் சொல்லி டவுன் போர்டு போட்ட உத்தரவின் மேல் நாம் செய்த அப்பீல் போன திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தது. ஆறு கொட்டகையிலிருந்து நூறு அடி தள்ளியிருக்கிறது, சாக்கடைத் தண்ணீர் நம் குழியில்தான் விழுகிறது, பக்கத்து மலாய்க்காரரும் சீனரும் ஆட்சேபம் இல்லையென்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இதை முதலில் சொல்லுங்கள், கஷ்டத்தைப் பிறகு சொல்லலாம் என்று எழுதியிருந்தாயே, அதைப் பத்து நாளாகப் பால் கறக்கும்போதெல்லாம் மாட்டிடமே சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துத் தாளையும் கொட்டகைக்கு வாங்கிய பழைய பெர்மிட்டையும் மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

விசாரித்த வெள்ளைக்காரத் துரை நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் துரைக்கு முன்னால் நின்றே பழகிய கால். தண்ணீர் ஆற்றுக்குப் போகிறதா என்று கேட்டார். ஆமாங்க தொரை என்றேன். நாற்றம் வருமா? ஆமாங்க தொரை. அனுமதி இல்லாமல் கட்டினாயா? அதற்கும் அதேதான். பாழும் வாய். தோட்டத்தில் துரையிடம் இல்லை என்று சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருந்ததில்லை, அந்தப் பயம் என்னை விட்டால்தானே. மொழிபெயர்த்துச் சொல்ல வந்த தங்கராஜுவுக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அவரு உங்கள அடிக்க மாட்டாரு" என்று காதோரம் சொன்னார். துரையும் நல்ல மனுஷர்தான், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் உத்தரவை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டுக் காத்திருந்தார். மடியைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாங்க தொரை என்றேன்.

மாதக் கடைசிக்குள் பிரிக்க வேண்டும். இந்த வயசில் மறுபடியும் தோட்டத்து லயத்துக்கா, அந்தக் கூலி வரிசை வீட்டுக்கா போவது? நீ அத்தனை எழுதிக் கொடுத்தும் கெடுத்தது நான்தான், வேறு யாரையும் நோக முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றாள். "கொட்டக போயிருச்சாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்றைக்கெல்லாம் நான் சொன்ன ஒரே இல்லை அதுதான். உன் தலைப்பிரசவத்துக்கென்று அவள், வீடும் போகப்போவது தெரியாமல், பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்கிறேன்.

மகராசியாய் இரு. இரும்புச் சட்டி கிட்டி தூக்காதே, மாப்பிள்ளைக்கு என் ஆசி. ஒன்று மறக்காதே. மாமியார் அனுப்பமாட்டேன் என்கிறார், பிரசவம் தைப்பிங்கிலேயேதான் என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

உன் அப்பா
ஐயாசாமி