அடைக்காத நண்டு வளைகள்

செப். 14, ஞாயிறு

புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. கரண்ட் வருவதும் போவதும்.

பிஎச்.டி. விளம்பரங்களைச் சலித்ததில் மிஞ்சியவை:

– நம்ம நாடு. பனிமலைப் பாறைகள். உதவித்தொகை "பின்னர் அறிவிக்கப்படும்". அறிவிக்க மாட்டார்கள்.

– வெளிநாடு. பவளப் பாறை. கடலடியில் நீந்தத் தெரிய வேண்டுமாம். எனக்கு வாய்க்கால் நீச்சல்தான்.

– வெளிநாடு. சேற்றைத் துளைத்த முதல் விலங்குகள். முழு உதவித்தொகை.

மூன்றாவது எனக்கு. எனக்கே எனக்கு. ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலடியில் பாசி பாய் மாதிரி விரிந்து கிடந்தது. விலங்குகள் அதன் மேல் ஊர்ந்தன, மேய்ந்தன, கீழே இறங்கவில்லை. அப்புறம் ஏதோ ஒரு புழு தலையைச் சேற்றுக்குள் விட்டது. பாய் கிழிந்தது. அந்தப் புழுவின் உடம்பு கிடைக்கவில்லை, அது போட்ட ஓட்டை மட்டும் கல்லாகி இருக்கிறது. எம்.எஸ்சி. முதல் வருஷம் அந்த ஓட்டையின் படத்தைப் பார்த்ததிலிருந்து பித்து.

கேட்பவை: நோக்கம் ஒரு பக்கம், பேராசிரியர் கடிதம், "விண்ணப்பதாரர் தானே செய்த கள ஆய்வு, இரண்டு பக்கம்". கடைசி நாள் 30.

கள ஆய்வுக்கு எங்கே போவேன். எங்கள் களப் பயணத்துக்குப் பையன்கள் மட்டும் போனார்கள். பெண்களுக்குத் தங்க இடம் சரியாக அமையவில்லை என்று எச்.ஓ.டி. வருத்தப்பட்டார். அந்த வாரம் முழுக்க நானும் நஸ்ரினும் துறையில் உட்கார்ந்து கல் பெட்டிகளைத் துடைத்தோம். பிறகு பையன்கள் அளந்து வந்ததை வைத்து நாங்களும் அறிக்கை எழுதினோம். முழு மார்க். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கான மார்க்.

ஊரிலாவது ஏதாவது செய்யலாம் என்றால், குடவாசல் பக்கம் கல் ஏது. தோண்டத் தோண்டக் காவிரி கொண்டு வந்த மண். இங்கே நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டிதான்.

செப். 16, செவ்வாய்

வயலுக்குச் சோறு கொண்டு போனேன். அப்பா வரப்பில் குனிந்து நண்டு வளை அடைத்துக்கொண்டிருந்தார். உலகத்தில் அவருக்கு ஆகாத ஒரே ஜீவன் நண்டு. குத்தகை நிலம், முறை வைத்து வரும் தண்ணீர். அந்தத் தண்ணீரை நண்டு ஓட்டை போட்டுப் பக்கத்து வயலுக்குத் தானம் பண்ணிவிடும். பக்கத்து வயல் ராமலிங்கம் மாமாவுடையது. சொந்த நிலம், பள்ளத்தில் இருக்கிறது. அவர் எதற்கு வளை அடைக்கப் போகிறார்.

அப்பா திட்டிக்கொண்டே அடைத்தார். "வீடு கட்டியிருக்கான் பாரு. வாசல் ஒண்ணு, கொல்லை ஒண்ணு. வாடகை கொடுக்காத பய."

தூக்கை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கல்லான ஓட்டைகளைப் படிக்கிறவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க, இன்றைக்கு உயிரோடிருக்கும் பிராணிகளின் ஓட்டையில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். நண்டு அந்தக் காலத்துப் பிராணி இல்லை, தெரியும். ஆனால் வேலை அதே வேலை. துளைப்பது, கிளறுவது, அடிச்சேற்றை மேலே கொண்டு வருவது.

"இதை அடைக்காதீங்கப்பா" என்றேன். வெயில் ஏறிவிட்டதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மாலை எச்.ஓ.டி.க்குப் போன். கடிதம் கேட்டேன். நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன் என்றார். எல்லாருக்கும் இதே பதில்தான். நம்மை நாமே புகழ்ந்து எழுதி, அவர் எழுதினதாக அவரிடமே கொடுக்க வேண்டும். உட்கார்ந்தேன். "சிறந்த மாணவி" என்று எழுதினேன், அடித்தேன். கூசுகிறது. நஸ்ரினிடம் தள்ளிவிட்டேன்.

செப். 18, வியாழன்

நல்ல காற்று. நஸ்ரின் ஸ்கூட்டியில் பி.ஓ.பி. பிளாஸ்டர் மூட்டையோடு வந்தாள். அவளுடைய அத்தாவின் ஹார்டுவேர் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். "நான் எம்.எஸ்சி. முடிச்சு ஆணி நிறுக்கிறேன். நீ எம்.எஸ்சி. முடிச்சு நண்டு பிடிக்கிறே" என்றாள். அவளும் விண்ணப்பிக்கலாம். தங்கை படிப்பு முடியட்டும் என்கிறாள், அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அவளுக்காகவும் சேர்த்து எனக்குக் கோபம் வருகிறது. அது அவளுக்குப் பிடிக்காது.

தோசை மாவுப் பதத்தில் கரைத்தோம். பெரிய வளையாகப் பார்த்து ஊற்றினோம். போனது. ஊற்ற ஊற்றப் போனது. "எவ்ளோ ஆழம் பாருடீ" என்று ந.வுக்குப் பெருமை. ஆழமாவது ஒன்றாவது. வரப்புக்கு அந்தப் பக்கம், மாமா வயலில், பாலைக் கொட்டினது போல ஓடிக்கொண்டிருந்தது. வாசல் ஒண்ணு, கொல்லை ஒண்ணு. அப்பா சொல்லியிருந்தார். நான்தான் யோசிக்கவில்லை.

ராமலிங்கம் மாமா ஓடி வந்தார். விஷம் வைத்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டார். பயிர் கருகினால் யார் பொறுப்பு, பெண்களைப் படிக்க வைத்தால் இப்படித்தான், இத்யாதி. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்து அந்த வெள்ளையைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"பொம்மை பண்ற மாவு மச்சான். மிஞ்சிப்போனா உங்க வயல்ல ஒரு புள்ளையார் முளைப்பாரு."

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை நம்ம முறை. அதற்குள் எல்லா வளையையும் அடைத்தாக வேண்டும்.

செப். 19, வெள்ளி

சண்டை. ஈரச் சேற்றில் அச்சு இறுகவில்லை, எடுத்தால் கையோடு உடைகிறது. அந்த மூலை நாலைந்து நாளாவது காய்ந்து கிடக்க வேண்டும். அப்பா சொல்வது: வருகிற தண்ணீரை விட்டுவிட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது, பயிர் என்ன ஆகிறது. நியாயம். நியாயமாக இருந்ததால்தான் கத்தினேன். உங்க நெல்லுல படிச்சேன்னு சொல்லிக் காட்டுறீங்களா என்று கேட்டேன். அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அம்மா: "நண்டுக்காக அப்பனும் மவளும் பேசாம இருக்கீங்க. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றுகூட அப்பா சொல்லவில்லை.

செப். 20, சனி

காலையில் பி.ஓ.பி. மூட்டையைத் திருப்பி எடுத்துவரப் போனேன்.

மூலையில் புது வரப்பு. வயலுக்குள்ளேயே, அரைவட்டமாக. வளைகள் இருக்கும் பழைய வரப்பையும் அதை ஒட்டிய கொஞ்சம் பயிரையும் உள்ளே வைத்துக் கட்டியிருந்தது. நாளை தண்ணீர் வந்தாலும் அரைவட்டத்துக்கு வெளியே நிற்கும். உள்ளே சொட்டு போகாது. அப்பா வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அது உன் பக்கம், ஆயி. இது என் பக்கம். நண்டு உன் பக்கம்."

உள்ளே இருக்கிற பயிர் காய்ந்துவிடுமே என்றேன். கோழி கிண்டினால் போவதில்லையா, அப்படி நினைத்துக்கொள் என்றார். கோழி இவ்வளவு இடம் கிண்டாது.

நன்றி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. மத்தியானம் உளுந்து வடை சுட்டுக் கொண்டு போனேன். புரட்டாசிச் சனி, இல்லாவிட்டால் மீன்.

செப். 24, புதன்

நல்ல வெயில். அரைவட்டம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ந.வோடு தோண்டினேன். இந்தத் தடவை கொல்லை வாசலை முதலில் களிமண்ணால் அடைத்துவிட்டு ஊற்றியிருந்தோம். முழுசாக வந்தது. ஒல்லிக் கழுத்து, நடுவில் வயிறு மாதிரி ஓர் அறை, பக்கத்தில் ஒரு கிளை. ந. அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மண்ணைத் துடைத்தாள். துறையில் யாருடைய கற்களையோ துடைத்தோமே, அது ஞாபகம் வந்தது.

ஆனால் கண்டுபிடிப்பு அது இல்லை. தரை. எங்கள் பக்கம் காய்ந்த பாசித் தோல் கந்தல். எங்கும் ஊசி ஓட்டைகள், புழுத் தடங்கள், நத்தை போன கோடு. நிமிர்ந்து வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கள் ஒழுக்கு நின்றதால் மாமா வயல் ஓரமும் காய்ந்திருந்தது. அங்கே பாசி ஒரே தோலாக, ஓரம் மட்டும் அப்பளம் மாதிரி சுருண்டு. ஓர் ஓட்டை இல்லை. தோலை உரித்துப் பார்த்தேன். அடியிலும் எதுவும் இல்லை.

மாமாவுடையது பூச்சிக்குக் குருணை மருந்து போட்ட வயல். விலங்கு இறங்காத சேறு. பாறையில் தேடிக்கொண்டு போக இருந்த பழைய கடலடி வரப்புக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரர் அந்த வயலை ஐம்பது கோடி வருஷம் பின்னால் அழைத்துப் போயிருக்கிறார்.

படம் எடுக்க மாமாவிடம் கேட்டேன். "ஃபாரின் போவுதா? அப்ப பயிர் நல்லாருக்கிற பக்கமா எடு" என்றார். பிறகு பெருமையாக, "புழு பூச்சி ஒண்ணு இல்ல, பாத்தியா." பார்த்தேன் மாமா. அவரைத் திட்டவும் முடியவில்லை. கடையில் கைநிறைய அள்ளிப் போடச் சொன்னார்கள், போட்டார். அப்பா போடாததற்கும் கொள்கை எதுவும் காரணமில்லை. அப்போது கையில் காசில்லை.

இரண்டு பக்கக் கள ஆய்வுக்கு இது போதும்.

செப். 26, வெள்ளி

கடிதத்தோடு துறைக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். நஸ்ரின் எழுதிய கடிதத்தை வழியில்தான் படித்தேன். கடைசிப் பத்தி: "கல்லே இல்லாத ஊரில் பிறந்து கல்லைப் படிக்க வந்தவர். பிடிவாதக்காரர். எங்கள் களப் பயணத்துக்குப் பெண்களை நாங்கள் அழைத்துச் செல்லவில்லை. அழைத்துச் சென்றிருக்க வேண்டும்."

பஸ்ஸிலிருந்தே போன் செய்தேன். என்னடீ இது, கையெழுத்துப் போடுவாரா? "படிச்சாத்தானே" என்றாள்.

எச்.ஓ.டி. போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, அலுவலக அம்மாவிடம் கொடுத்து அனுப்பச் சொன்னார். "நல்லா எழுதியிருக்கேம்மா" என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

செப். 29, திங்கள்

அனுப்பியாச்சு. ந. கடை கம்ப்யூட்டரில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில். படத்துக்குக் கீழே "அரைவட்டத் தடுப்பு அமைத்தவர்" என்று அப்பா பெயரைப் போட்டேன். அத்தா எல்லாருக்கும் டீ சொன்னார். என்ன விசேஷம் என்று கேட்கவே இல்லை.

பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

அக். 3, வெள்ளி

மழை. விடியற்காலையிலிருந்து சீராக.

அரைவட்டத்தை வெட்டிவிட்டோம். உள்ளே இருந்த பயிரில் பாதி போச்சு. மீதி தலை தூக்கும் என்கிறார் அப்பா. பிறகு இரண்டு பேரும் குனிந்து வளைகளை அடைத்துக்கொண்டே போனோம். நான் அடைத்ததைப் பின்னாலேயே வந்து காலால் மிதித்துச் சரிபார்த்தார். மூலையில் நல்ல பெரிய வளை ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது இருக்கட்டும். நீ லீவுக்கு வரப்ப வேணும்ல."

"இன்னும் பதிலே வரலப்பா."

"வரப்ப வரட்டும்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வளை வழியாகத் தண்ணீர் ராமலிங்கம் மாமா வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.