ஒன்றேகால் மணி நேரத் தூரம்

நாகல் நகர்,
திண்டுக்கல்.

மகன் பைசலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சூரிச்சில் நீயும் மருமகளும் சுகமாகவே இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போனை எடுக்காதவனுக்குக் காகிதம்தான் கதி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கச்சி பர்ஹானாவின் மாப்பிள்ளை வியன்னாவில் மவுத்தாகி இன்றோடு நாற்பத்தோரு நாள். மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கியது யார் தெரியுமா? இரண்டு துருக்கிக்காரர்கள், ஒரு வங்காளி, பள்ளிவாசலைப் பெருக்குகிற ஆள். நீ வாட்ஸ்அப்பில் 'இன்னாலில்லாஹி' என்று பூப்போட்ட படம் அனுப்பினாய். அதற்கும் அவள் நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்கிறாள், பைத்தியக்காரி.

நேற்று பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் போட்டுத் தருகிற பிரபுவிடம் போய்ப் பார்க்கச் சொன்னேன். சூரிச்சிலிருந்து வியன்னா சுமார் அறுநூறு கிலோமீட்டராம். பிளேனில் ஒன்றேகால் மணி நேரம், மிஞ்சிப் போனால் இன்னும் ஐந்து நிமிடம். அட, இங்கிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போகவே அதைவிட நேரமாகிறது! "பைசல் அண்ணன் இம்புட்டுப் பக்கத்துலயா இருக்காரு?" என்று கேட்டான். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புருஷன் மவுத்துக்காக அவள் இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டாள். ஆண்களில் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச அத்தாவும் கூடப்பிறந்தவனும்தான் ஆகும். எனக்கு இரண்டு தடவையும் விசா கிடைக்கவில்லை. அந்தக் கண்டம் முழுக்க அவளுக்கு இருப்பது நீ ஒருத்தன். பள்ளிவாசல்காரர்கள் அரிசி பருப்பை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அம்மா போனில் கேட்டால் "சாப்ட்டேம்மா" என்கிறாள். வெஞ்சனம் என்று ஏதாவது வைத்தாளா, வெறும் சோற்றைத் தின்றாளா, யார் பார்த்தது?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் பேசியபோதே சொல்லிவிட்டாய்: "நீங்கதானேத்தா அவுக வீட்டுப் படிய மிதிக்காதேன்னீங்க." ஆமாம், சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் உன் கல்யாணப் பந்தியில் தன்னை யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை என்று பர்ஹானா மாப்பிள்ளை பிரியாணியைத் தொடாமல் எழுந்து போனார். இனி அவர் வீட்டுக்குப் போனால் நீ என் மகனே இல்லை என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். கூப்பிடாதது என் தப்பு. அதை அவரிடம் ஒத்துக்கொள்ள ஆறு வருடம் இருந்தது, ஒத்துக்கொள்ளவில்லை. தொழுடா என்றேன், சிகரெட்டை விடுடா என்றேன். ஒன்றையும் கேட்காதவன் இதை மட்டும் தலைமேல் தூக்கி வைத்துக் காப்பாற்றுகிறாயே! உனக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு இருக்கிறது.

அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போ. காலிங்பெல்லை மட்டும் அடித்துவிட்டு நிற்காதே, வெளி ஆள் என்று உள்ளறைக்குப் போய்விடுவாள். "பர்ஹானா, அண்ணன் வந்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல். அழுதால் அழ விடு. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டால், அத்தாவைக் கைகாட்டாதே.

உனக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்து கடிதத்தை முடிக்கச் சொல்கிறாள் உன் அம்மா. இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் வந்துவிட்டான் என்று பர்ஹானா போன் செய்யட்டும், துஆச் செய்கிறேன்.

உன் அத்தா,
அப்துல் லத்தீப்