சுஜாவின் மைனஸ் ஒன்று

1999 ஜூலை, செவ்வாய்

இன்று சுஜா அழுதுவிட்டாள். தனுவச்சபுரம் லேபிலிருந்து நெய்யாற்றின்கரை கிளினிக்குக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளை, இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, டெலிபோன் வழியாக அனுப்பும் சி மொழிப் புரோகிராம் என் மனைவியான அவள் எழுதியதுதான். சில நாட்களாக இணைப்பு பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தது. டாக்டர் போனில், "இங்க ஒரு கொச்சுப் பிள்ளை காய்ச்சலோட கிடக்குது. பேப்பரை பஸ்ஸில கொடுத்துவிடுங்க" என்றார்.

நான் பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"வாசிக்கும்போது மைனஸ் ஒண்ணு வந்தா தப்புன்னு நெனச்சு உடனே இணைப்ப மூடுதேன். ஏன் வந்துன்னு கேக்கவே இல்ல" என்றாள். காரணத்தைக் கேட்கும் வரி ஒன்றைச் சேர்த்து ஓட்டினாள். திடீரென்று என் தோளில் அடித்தாள்.

"இது தப்பே இல்லங்க! மிச்சம் இன்னும் வரல்ல, திரும்ப வாசின்னு சொல்லுதாக்கும்!"

மூடாமல் மறுபடி வாசிக்கும்படி மாற்றி, பிளாப்பியில் பதிந்துகொண்டு பஸ் ஏறினோம். கிளினிக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றியதும் முடிவு முழுவதும் திரையில் வந்தது. டைபாய்டு. டாக்டர் உடனே மருந்து தொடங்கினார். குழந்தையின் அம்மா சுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மகளை அழைப்பதுபோல் "மோளே" என்றாள். சுஜா மறுபடியும் அழுதாள்.

இப்போது லேசாகக் குறட்டை விடுகிறாள். இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. விளக்கு அவள் முகத்தில் அடிக்கிறது, அணைத்துவிடுகிறேன்.