வழிக்கு ஒடித்த கிளை

செவ்வந்திக்கு இருசப்பன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி கம்மியாச்சா?

இந்த ஆஸ்திரேலியாக்காரங்களுக்குக் காடுன்னா இன்னான்னே தெரியாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன், அப்படியே ஆச்சு! லீவு நாளில் நான் வேலை செய்யும் ஓட்டல் ஆட்களைக் கடலோரப் புதர்க்காட்டில் பகல் பூரா நடக்கவிட்டு, கிளம்பின இடத்துக்கே கூட்டிவந்தான் மேனேஜர். ஒரு சுள்ளிகூட எடுக்காமல் எவனாவது காட்டுக்குப் போய் வருவானா?

பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரிய நம்ம மலையில் செய்வதுபோல பச்சைக்கிளை ஒடித்துப் போட்டேன். "இன்னொரு தடவை ஒடிச்சா ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று எல்லார் முன்னாலும் மேனேஜர் கத்தினான். "ஆள் தொலைஞ்சா நீயா தேடுவே?" என்று நான் போட்ட சத்தத்தில் ரெண்டு கங்காரு ஓடிப்போச்சு.

யாராவது வந்தால் சாமை அரிசி கொடுத்தனுப்பு. இங்கே எதுவும் வாய்க்கு விளங்கலை.

நான் சத்தம் போட்டது மட்டும் பொய். "சாரி சார்" என்றுதான் நின்றேன். பிள்ளைகளுக்குக் கங்காரு ஓடின இடத்தோடு நிறுத்திப் படிச்சுக் காட்டு.