பல் டாக்டர் வண்டிக்குத் தண்ணீர்

மார்ச் 4

பல் டாக்டரின் டர்போ காரில் பூஸ்ட்டை, அதாவது எஞ்சினுக்குள் அமுக்கும் காற்றின் அழுத்தத்தை, 0.8 பாரிலிருந்து 1.4க்கு ஏற்றித் தர இன்று ஒப்புக்கொண்டேன். எஞ்சின் போனால் என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்? வேறு கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம்தான். அவ்வளவு காற்றை அமுக்கினால் சூடேறி, பெட்ரோல் கண்டபடி வெடிக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். தணிக்க, காற்றோடு நாசில் வழியாகத் தண்ணீரும் பீய்ச்ச வேண்டும். மனைவி சொன்னாள்: "முதல்ல உங்க வாய்க்கு ஒரு நாசில் போடுங்க."

மார்ச் 7

மெக்கானிக் வேலை மச்சினனுடையது, சாமான் என்னுடையது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1.6 லிட்டர் பெட்ரோல். தண்ணீர் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 320 மில்லி. நாசிலை ஜாடிக்குள் பீய்ச்சி அளந்தோம். சரியாக இருந்தது. பம்ப் 4 பார். கடையில் விலைபோகாமல் கிடந்தது — டாக்டர் தலையில் கட்டிவிட்டேன்.

மார்ச் 9

ஓட்டிப் பார்த்தோம். 1.4 தொட்டதும் டப்பாவுக்குள் கல்லைக் குலுக்கினாற்போல் சத்தம். மச்சினன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். "மாமா, தண்ணி பத்தல" என்றான். அளந்துதானே போட்டோம்? பிஸ்டனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?

மார்ச் 10

பிழைத்தது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சரி.

காரணமும் பிடிபட்டது. ஜாடிக்குள் எதிர்ப்பு இல்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் 1.4 பார் காற்று தண்ணீரை எதிர்த்து நிற்கிறது. என் ஓட்டை பம்புக்கு மிச்சம் 2.6தான். 260 மில்லி வந்தாலே பெரிது.

மார்ச் 11

பெரிய நாசில் மாட்டினோம். குறைந்த பூஸ்ட்டில் தண்ணீர் அதிகமாகி எஞ்சின் இருமுகிறது. வேண்டாம். 8 பார் பம்ப், சின்ன நாசில். பம்ப் என் கைக்காசு.

மார்ச் 14

1.2 வரை சுத்தம். 1.3இல் ஒருமுறை லேசாக அதே கல் சத்தம். சொல்லாமல் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் தூங்க முடியுமா?

மார்ச் 15

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பம்ப் கதை உட்பட. கத்துவார் என்று நின்றேன். "மரத்துப்போச்சான்னு பாக்காம நான் பல்லுல கை வைக்கமாட்டேன். நீங்க ஏங்க அவசரப்பட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பேசி முடித்தது: பூஸ்ட் 1.2. தண்ணீர் தீர்ந்தால் தானாக 0.8க்கு இறங்கும். ஒரு வருடம் எஞ்சின் என் பொறுப்பு. அவர் பூஸ்ட்டைக் கூட்டித் திருகினால் அவர் பொறுப்பு.