வெர்னா வாங்கிய ரைஃபிள்

மோன்டானா, மே மாதம்

அன்புள்ள இங்கிரிட்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் பல்வலி தீர்ந்ததா? நான் நலம். புல்வயலைத் துளைத்து வைத்திருக்கும் தரை அணில்களின் வளையில் என் குதிரை இடறி, நான் விழுந்ததில் கணுக்கால் லேசாக வீங்கியது. இப்போது பூட்ஸ் போட முடிகிறது, கவலைப்படாதே.

அதைப் பார்த்ததும் என் முதலாளி வெர்னா அந்த அணில்களைச் சுட ரைஃபிள் வாங்கக் கிளம்பிவிட்டார். தோள் எலும்பு முறிந்தபின் அவர் சுட்டதே இல்லை.

கடைக்காரர் மெர்ல் 22-250 ரக ரைஃபிள் ஒன்றை நீட்டினார். "வேகம்னா இதான் வெர்னா. நானூறு கஜத்துக்கும் நேராப் போகும்."

"என் வயலே முன்னூறு கஜம்தான். மிச்சம் நூறு பக்கத்து வயல்காரன் மாட்டுக்கா?"

வெர்னா கேட்டது அதைவிட வேகம் குறைந்த 223 ரகம். "சுடும்போது இது மெதுவா உதைக்கும், தோள் தாங்கும். குழலும் சீக்கிரம் சூடாகாது."

"ஞாயித்துக்கிழமை குறி பார்த்துச் சுடற போட்டியில காத்து இதோட குண்டைத் தள்ளிடுமே?" என்றார் மெர்ல்.

"காத்து எப்ப அடங்கும்னு எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் பலத்த காற்று. வெர்னா ஒவ்வொரு முறையும் காற்றைக் காட்டும் கொடி தொங்கும்வரை பொறுத்திருந்து, ஐந்து குண்டுகளையும் ஒரு கோப்பை வாயளவு இடத்தில் போட்டார். பரிசு என்னவோ மெர்லுக்குத்தான். வெர்னா எழுந்து தோளைத் தொட்டுப் பார்த்து, "வலிக்கவே இல்ல" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் உருளைக்கிழங்கு சூப்புக்கு எவ்வளவு மிளகு என்று எழுது. நான் தொலைபேசியில் கூப்பிடும்போது சொல்ல விஷயம் இல்லாவிட்டால் பரவாயில்லை, தொலைபேசியை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெர்னா ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன்
ஹால்வர்